பக்கத்து மனையோடு பத்து அங்குலத் தகராறு: காம்பவுண்டை எந்தக் கோட்டில் எழுப்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் அங்கீகாரம் பெற்ற லே-அவுட்டில் 40-க்கு 60 மனை, அதாவது ஒரு கிரவுண்ட். வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. இப்போது காம்பவுண்ட் கட்டலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டு டேப் பிடித்தால் தென்வடல் அளவு 39 அடி 2 அங்குலம்தான் வருகிறது. வடக்கு மனைக்காரருடைய கல் உங்கள் பக்கம் தள்ளி வந்திருக்கிறது என்கிறார் கொத்தனார். வடக்கு மனைக்காரரோ, தன் மனை சரியாக 40 அடி இருக்கிறது, உங்கள் குறைச்சலுக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார். சுவரை எந்தக் கோட்டில் எழுப்புவது, பாதிச் செலவை அவரிடம் கேட்கலாமா, சுவருக்குப் பதில் கம்பி வேலி போதுமா, எல்லையில் நிற்கும் வேப்பமரத்தை என்ன செய்வது என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த 10 அங்குலம் யாருடையது, அது தெரியும் முன்னே சுவர் எழுப்பலாமா?

எழுப்ப வேண்டாம். காரணத்தைச் சொல்லும் முன் என்னைப் பற்றி ஒரு வரி. நான் மனை அளப்பதிலும் கட்டட வேலையிலும் பல வருஷமாக இருப்பவன், வக்கீல் இல்லை. அதனால் அளவு, கல், அஸ்திவாரம் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த 10 அங்குலம் யாருடையது என்று இடத்தையும் ஆவணத்தையும் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. உங்கள் கொத்தனாராலும் முடியாது. அவர் அளந்தது உங்கள் மனையை மட்டும். ஒரே ஒரு மனையை மட்டும் அளந்து எல்லை சொல்வதில்தான் பாதித் தகராறு தொடங்குகிறது.

முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை. அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட் வரைபடத்தை எடுத்து உங்கள் மனையின் அளவு அதில் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வரைபடம் மீட்டரில் இருக்கும். பத்திரமோ 'கிழமேலாக இருபுறமும் 60 அடி, தென்வடலாக இருபுறமும் 40 அடி' என்று அடியில் ஓடும். 40 அடி என்றால் 12.19 மீட்டர். வரைபடத்தில் 12.2 என்று இருந்தால் கவலையில்லை. ஆனால் சில லே-அவுட்டுகளில் 12-க்கு 18 மீட்டர் என்று வரைந்து அனுமதி வாங்கிவிட்டு, விற்கும்போது 40-க்கு 60 என்று பேசி, அதையே பத்திரத்திலும் எழுதிவிடுவார்கள். 12 மீட்டர் என்பது 39 அடி நாலரை அங்குலம்தான். உங்கள் மனை இந்த வகையாக இருந்தால், குறையும் 10 அங்குலத்தில் ஏழரை அங்குலம் மனை பிறந்தபோதே இல்லை. அதை வடக்கு மனைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. உங்களுக்கு விற்றவரிடம் கேட்க வேண்டிய கணக்கு அது. மீதி இரண்டரை அங்குலம் இழுபட்டுப்போன பழைய டேப்பில் அளந்தாலே வந்துவிடும். இதைப் பார்க்காமல் சண்டைக்குப் போய், கடைசியில் இரண்டு பேர் வரைபடத்திலும் 12 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு.

வரைபடத்திலேயே முழு 40 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மனையை அளக்காதீர்கள், வரிசையை அளங்கள். உங்கள் வரிசை ஒரு ரோட்டில் தொடங்கி இன்னொரு ரோட்டில் முடியும். அந்த முழு நீளத்தையும் ஒரே நேர்க்கோட்டில் அளந்து, வரைபடத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். லே-அவுட் போட்டவர் கல் நட்டபோது ஒரு முனையிலிருந்து டேப்பை நீட்டிக்கொண்டே போயிருப்பார். ஒவ்வொரு மனைக்கும் 3 அங்குலம் தாராளமாக விட்டிருந்தால், பத்து மனை தாண்டுவதற்குள் இரண்டரை அடி காணாமல் போயிருக்கும். கடைசி மனைக்காரர் தலையில் அது மொத்தமாக விழும். உங்கள் வடக்கு மனைக்காரர் பொய்யே சொல்லாமல் இருக்கலாம். அவருக்கு 40 அடி உண்மையிலேயே இருக்கலாம், உங்கள் குறைச்சல் தெற்குப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். தெற்கு மனையில் ஏற்கெனவே வீடும் காம்பவுண்டும் இருந்தால் சந்தேகம் முதலில் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். கட்டி முடித்த சுவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. தனியாக நிற்கும் கல்லைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

அளக்கும்போது துணி டேப்பும் பழைய ஃபைபர் டேப்பும் வேண்டாம், இழுபடும். ஸ்டீல் டேப், இரண்டு பக்கமும் ஆள், நடுவில் தொய்யாமல் தாங்க ஒருவர். தரை சரிவாக இருந்தால் சரிவோடு படுக்கவைத்து அளக்கக் கூடாது. மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். நான்கு பக்கமும் சரியாக வந்தாலும் மூலைவிட்டத்தையும் பாருங்கள். நான்கு மூலையும் மட்டமான 40-க்கு 60 மனைக்கு இரண்டு மூலைவிட்டமும் 72 அடி ஒன்றேகால் அங்குலம் வரும். ஒன்று 73, இன்னொன்று 71 என்று வந்தால் மனை கோணியிருக்கிறது. மூலைக்கல் ஏதாவது நகர்ந்திருக்கலாம். அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். பல வருஷமாக அசையாமல் நிற்கும் கல்லைச் சுற்றி மண் இறுகி, கல்லோடு ஒட்டிப் போயிருக்கும். ஒரு சாண் தோண்டினாலும் அதே இறுக்கம் இருக்கும். பிடுங்கி நட்ட கல்லைச் சுற்றி மண் பொலபொலவென்று உதிரும், கீழே சருகோ பிளாஸ்டிக் துண்டோ கிடைக்கும். கல்லில் ஜேசிபி பல் பட்ட வெள்ளைக் கீறல் இருந்தால் கதை இன்னும் எளிது: யாரும் வேண்டுமென்று நகர்த்தவில்லை, முள்ளு வெட்ட வந்த வண்டி இடித்திருக்கிறது. தோண்டிப் பார்ப்பதைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து மனைக்காரரும் கூட நிற்கட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நகர்த்தியது நீங்கள்தான் என்று ஆகிவிடும். அரசு நட்ட சர்வே கல்லாக இருந்தால் அதைத் தொடவே கூடாது; அதைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம்.

அடுத்தது, எந்தக் காகிதம் பேசும் என்பது. 'சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தால் தெரிந்துவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தாலுகா அலுவலகத்திலிருந்து வரும் நில அளவர் அளப்பது வருவாய்த்துறை ஆவணப்படி. புலப்படம் என்கிற எஃப்எம்பியில் உங்கள் மனை தனி உட்பிரிவாக, தனி எண்ணோடு இருந்தால் அவரால் உங்கள் நான்கு மூலையையும் காட்ட முடியும். ஆனால் பல லே-அவுட்டுகளில் உட்பிரிவே ஆகியிருக்காது. பட்டா பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக, பழைய முழு சர்வே எண்ணிலேயே கிடக்கும். அப்போது அவர் அந்தப் பெரிய புலத்தின் வெளி எல்லையைத்தான் காட்டுவார். உள்ளே இருக்கும் மனைகளின் கோடு புலப்படத்தில் இல்லை, லே-அவுட் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆகவே அரசின் இணையச் சேவையில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு, பட்டாவும் புலப்படமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவுப் பட்டா மாறுதலுக்கு இப்போதே மனுப் போடுவது நல்லது. சுவருக்காக இல்லாவிட்டாலும் அது என்றைக்காவது தேவைப்படும்.

தனி உட்பிரிவு இருந்தாலும் புலப்படத்திடம் ஓரளவுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பழைய படங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடி சங்கிலியில் 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் ஏறக்குறைய 8 அங்குலம். நான் பார்த்த பழைய படங்களில் முழு லிங்க்தான் எழுதியிருக்கும். மீட்டருக்கு மாறிய பின் வந்த படங்களிலும் பெரும்பாலும் ஒரு தசம இடத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்; 0.1 மீட்டர் என்பதே 4 அங்குலம். 2 அடி ஆக்கிரமிப்பா இல்லையா என்று இந்தப் படம் திட்டவட்டமாகச் சொல்லும். 10 அங்குலத்தை ஓரளவுக்குச் சொல்லும். 3 அங்குலத் தகராறை இதை வைத்துத் தீர்க்க முடியாது, யார் அளந்தாலும் முடியாது. டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் என்று நவீன அளவைக் கருவியெல்லாம் கொண்டுவந்து மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறேன் என்பார்கள். கருவி சுத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒப்பிட வேண்டிய ஆவணத்தில் அந்தச் சுத்தம் கிடையாதே! செல்போன் ஜிபிஎஸ்ஸை வைத்து எல்லை பார்க்கும் ஆப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் பிழை மீட்டர் கணக்கில் வரும்.

இத்தனைக்கும் பிறகு அரசு நில அளவரைக் கொண்டு அளப்பதுதான் சரி என்பேன். காரணம் அவர் அளவின் துல்லியம் இல்லை, அதன் மதிப்பு. இ-சேவை மையத்திலோ இணையத்திலோ கட்டணம் கட்டி மனுப் போடலாம். அளக்கும் நாளைக் குறித்து உங்களுக்கும் பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்பு வரும். அன்றைக்கு வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்தாரும் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்தால் அவர் சார்பில் யாராவது. அளந்து முடித்த வரைபடத்தில் எல்லோர் கையெழுத்தும் இருந்தால் அதற்கு ஈடான காகிதம் வேறில்லை. ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் பாதகமில்லை, மறுத்தார் என்பதே பதிவாகட்டும். தனியார் சர்வேயரை முன்கூட்டியே வைத்து முழு வரிசையையும் அளந்து படம் போட்டு வைத்திருந்தால், அரசு நில அளவர் வரும் நாளில் பேச்சு வேகமாக முடியும்.

சரி, அளந்து பார்த்து, 10 அங்குலம் உண்மையிலேயே வடக்கு மனைக்குள் போயிருக்கிறது என்று தெரிகிறது. 60 அடி நீளத்துக்கு 10 அங்குலம் என்றால் 50 சதுர அடி. விடுவதா, பிடிப்பதா என்பது உங்கள் விருப்பம். விடுகிறேன் என்றால் எதை விடுகிறீர்கள் என்று தெரிந்து விடுங்கள்; பிடிப்பதென்றால் தாமதிக்காதீர்கள். சட்டத்தில் 12 வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் அடுத்தவர் நிலத்தைத் தன்னுடையது என்று வெளிப்படையாக, இடைவிடாமல் 12 வருஷம் அனுபவித்துவிட்டால், உரிமைக்காரர் அதன் பிறகு வழக்குப் போட்டு மீட்பது கடினம். நீங்கள் வாங்கி எட்டு வருஷம்தான் ஆகிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது; அந்தக் காலம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அவர் அனுபவம் தொடங்கிய நாளிலிருந்து ஓடும். அதே சமயம், காலி மனையில் ஒரு கல் தள்ளி நிற்பதாலேயே அனுபவம் வந்துவிட்டது என்று கோர்ட்டு எளிதில் சொல்லிவிடாது என்பது என் எண்ணம். சுவர், கொட்டகை, தோட்டம் என்று ஏதாவது இருந்தால் நிலைமை வேறு. இந்த இடத்தில்தான் வக்கீல் வேண்டும்.

இரண்டு பேரும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஆனால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிலம் கைமாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். 'இதுதான் எங்கள் இருவருக்கும் பொது எல்லை' என்று ஒப்புக்கொள்ள அந்தக் காகிதம் உதவும். அவர் பக்கம் 50 சதுர அடியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள், அல்லது முன்பக்கம் கொடுத்துப் பின்பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் அது பதிவுசெய்த விடுதலைப் பத்திரமாகவோ (உரிமையை விட்டுக்கொடுப்பது) பரிவர்த்தனைப் பத்திரமாகவோ (இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்வது) இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டு. கோர்ட்டு ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்து, நில அளவரை வைத்துத் திரும்ப அளக்கச் சொல்லும். போலீசுக்குப் போனால் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் சொல்வது சரிதான். 50 சதுர அடிக்கு வழக்கு என்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த 50 சதுர அடியால் வீட்டுக்கு விட வேண்டிய பக்க இடைவெளி குறைந்து பிளான் அனுமதி சிக்குமென்றால், அங்கே நான் வேறு மாதிரிதான் பேசுவேன்.

இனி சுவர். கோடு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கயிறு கட்டும்போது கொத்தனார் கேட்பார்: 'சார், கயிறு சுவருக்கு நடுவுலயா, வெளி ஓரத்துலயா?' பொதுச் சுவர் என்று எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் வெளி ஓரத்தில்தான். சுவரின் வெளிமுகம் உங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதுவும் பூச்சோடு சேர்த்து: செங்கல் முகத்தை முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் பூசிய பிறகு கோட்டில் வந்து நிற்கும். தரைக்கு மேலே இதை எல்லோரும் கவனிக்கிறார்கள். தரைக்குக் கீழே யாரும் கவனிப்பதில்லை. 9 அங்குலப் பில்லருக்கு இரண்டரை அடிக்கு இரண்டரை அடி ஃபுட்டிங் (பில்லரைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளம்) போட்டு, பில்லரை அதன் நடுவில் நிறுத்துவார்கள். அப்படியென்றால் பில்லரின் வெளிமுகத்துக்கு அப்பால் ஃபுட்டிங் பத்தரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே 10 அங்குலத்துக்குச் சண்டை போட்டுவிட்டுக் கீழே பத்தரை அங்குலம் அவர் மனைக்குள் போய்விடும்! நாளைக்கு அவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது அது வெளிப்படும், அவர் ஆள் கடப்பாரையால் உடைப்பான், உங்கள் பில்லர் சாயும். ஆகவே எல்லைப் பக்கம் ஃபுட்டிங்கின் வெளி ஓரமும் அதே கோட்டில் நிற்கட்டும், பில்லர் அதன் ஓரத்தில் வரட்டும். ஓரத்தில் நிறுத்துவதால் வரும் சாய்வைப் பில்லர்களை இணைக்கும் ப்ளிந்த் பீம் கொஞ்சம் தாங்கும். ஐந்தடிச் சுவருக்கு இது பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் உயரம் போனால் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

மண்ணைப் பார்க்காமல் ஆழம் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் ஏரியை ஒட்டிய களிமண்ணும் உண்டு, கொஞ்சம் தள்ளினால் நல்ல மொரம்பும் (சரளை கலந்த கெட்டி மண்) உண்டு. மொரம்பில் 3 அடி தோண்டினால் போதும். களிமண்ணோ கரிசலோ என்றால் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டிய சுவர் இரண்டாவது கோடையில் படிக்கட்டு மாதிரிச் செங்கல் மூட்டோடு வெடிக்கும். அங்கே பில்லருக்குக் கீழே சின்னக் குழிப் பைல் (ஆழத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்) போட்டு, மேலே பீம் ஓட்டி, அதன்மேல் சுவர் எழுப்புவதுதான் வழி. லே-அவுட்டில் மண் கொட்டி மேடாக்கியிருந்தால் கொட்டிய மண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தரை எங்கே வருகிறதோ அங்கிருந்துதான் ஆழத்தை எண்ண வேண்டும்.

மேடாக்குவது என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காம்பவுண்ட் விழுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். ஐந்தடிச் சுவரைக் கட்டிவிட்டு, பிறகு வீடு கட்டும்போது ரோட்டை விட உயரமாக இருக்க வேண்டும் என்று மனைக்குள் 3 அடி மண் நிரப்புவார்கள். வேலிக்காகக் கட்டிய நாலரை அங்குலச் சுவர் அன்றிலிருந்து மண்ணைத் தாங்கும் சுவராகிவிடுகிறது. வெயில் காலத்தில் நிற்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மண் நீரைக் குடித்துக் கனத்தால் அந்தப் பக்கம் சரியும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரக் காம்பவுண்டுச் சுவர் பக்கத்தில் இருந்த வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். உங்கள் சுவர் அத்தனை உயரமில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் ஐந்தடியே போதும். மண் நிரப்பும் எண்ணம் இருந்தால் நிரப்பும் உயரம்வரை கருங்கல்லில் தாங்குசுவர், அடியகலம் அந்த உயரத்தில் பாதிக்குக் குறையாமல், அதன்மேல்தான் செங்கல். தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் பைப் துண்டுகள் வைத்து ஓட்டை விடுவார்கள். ஆனால் வடக்குப் பக்கம் விட்டால் உங்கள் தண்ணீர் அவர் மனைக்குப் போகும், அது அடுத்த தகராறு. எனவே தண்ணீரை உட்பக்கமே ஜல்லி போட்ட வாய்க்காலில் வாங்கி ரோட்டுப் பக்கம் கொண்டுபோங்கள்.

மண் நிரப்பவில்லை என்றால் நாலரை அங்குலச் சுவரே தாராளம். 8 அல்லது 10 அடிக்கு ஒரு கான்கிரீட் பில்லர், கீழே ப்ளிந்த் பீம், மேலே தலைப்பட்டை (சுவரின் உச்சியை மூடும் பட்டை). 60 அடிக்கு நடுவில் ஓர் இடத்தில் சுவரை இணைக்காமல் மூட்டு விடுங்கள். விடாவிட்டால் வெடிப்பு தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 60 அடி நீளம், 5 அடி உயரம் என்றால் 300 சதுர அடி. கழிவு சேர்த்து 1,450 செங்கல் அளவுக்குப் பிடிக்கும். மேஸ்திரி 2,500 கேட்டால் கணக்குக் கேளுங்கள். தலைப்பட்டையின் சரிவு உங்கள் பக்கம் இருக்கட்டும், அந்தப் பக்கம் துருத்தக் கூடாது. வடக்கு முகத்தைப் பூச அவர் மனைக்குள் நின்றாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அவர் மனை காலியாக இருக்கும்போதே அனுமதி கேட்டு முடித்துவிடுங்கள். அவர் வீடு கட்டிவிட்டால் அந்தச் சந்தில் சாரம் கட்ட முடியாது, பூசாத செங்கல் மழையை உறிஞ்சி உங்கள் பக்கப் பெயின்ட்டை உரித்துக்கொண்டே இருக்கும். உயரத்துக்கும் அனுமதிக்கும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டு பிளானோடு சேர்த்துக் காம்பவுண்டையும் காட்டிவிடுவது எளிது.

கம்பி வேலி போதுமா? எல்லை தீரும்வரை கம்பி வேலிதான் நல்லது. கல்தூண் நட்டு செயின் லிங்க் கட்டினால் நாளைக்கு 10 அங்குலம் நகர்த்துவது ஒருநாள் வேலை. சுவர் என்றால் இடிக்க வேண்டும். 7 அடிக் கல்தூணில் 2 அடி மண்ணுக்குள், 8 அல்லது 10 அடிக்கு ஒன்று, மூலையிலும் நடுவிலும் முட்டுக்கல். முட்டு கொடுக்காமல் கம்பியை இழுத்தால் மூலைத்தூண் ஒரு மாதத்தில் உள்பக்கம் சாய்ந்துவிடும். ரெடிமேட் கான்கிரீட் பலகைக் காம்பவுண்டும் கழற்றி நகர்த்தக் கூடியதுதான். ஆனால் வேலியும் ஒரு கோடுதான். தகராறில் இருக்கும் 10 அங்குலத்தை விட்டு உள்ளே தள்ளி வேலி போட்டால், இது தற்காலிகம், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வடக்கு மனைக்காரருக்குச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஒரு கடிதம் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கம் விவசாய நிலத்துக்குக் கிளுவைச் செடியால் வேலி வைப்பார்கள்; வெட்டி நட்டால் துளிர்க்கும், ஆடு புகாது, பார்க்கவும் அழகு. ஆனால் ஒவ்வொரு முறை கவாத்து செய்து புதுக்கொம்பு ஊன்றும்போதும் அது யார் பக்கமாவது ஒரு சாண் நகரும். நகரத்து மனையில் அழகுக்காக வைப்பதென்றால் சுவருக்கு உட்பக்கம் வையுங்கள்.

பாதிச் செலவு கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் நிலத்தில் உங்களுக்காகக் கட்டும் சுவருக்கு அவர் பணம் தரவேண்டிய கடமை இல்லை. தருகிறார் என்றால் அது பொதுச் சுவர். எல்லைக் கோடு சுவரின் நடுவில் ஓடும். 9 அங்குலச் சுவர் என்றால் ஆளுக்கு நாலரை அங்குலம் போகும், யாரும் அதன்மேல் கூரையோ படியோ ஏற்றக் கூடாது, இடிப்பதென்றால் இருவரும் சேர்ந்துதான் என்றெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்குச் சங்கடப்பட்டால் பணம் வாங்காதீர்கள். பொதுவாக நான் தனிச் சுவர் பக்கம்தான். ஆனால் அவரும் தனியாக ஒரு சுவர் கட்டி, இரண்டுக்கும் நடுவில் கை நுழையாத ஒரு சந்து விட்டால் அது குப்பைக்கும் தண்ணீருக்கும் பாம்புக்கும்தான். அப்படி நடக்கும் போலிருந்தால் பொதுச் சுவரே மேல்.

ரோட்டுப் பக்கத்துக்கு நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. அங்கே அளவு குறைகிறது என்று ரோட்டை நோக்கித் தள்ளிக் கட்டாதீர்கள். ரோட்டு நிலத்தில் எத்தனை வருஷம் நின்றாலும் நிம்மதி இருக்காது. கேட் உள்பக்கம் திறக்கட்டும். மூலை மனையாக இருந்தால் வரைபடத்தில் காட்டிய மூலைவெட்டை (ரோடு திரும்பும் முனையில் சாய்வாக வெட்டி விட்ட இடம்) அப்படியே விடுங்கள்.

வேப்பமரம் வெட்ட வேண்டியதில்லை. அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ அவருடையது அது. கோட்டின் மேலேயே நிற்கிறது என்றால் இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. அளந்த பிறகுதான் அதுவும் தெரியும். கட்டும்போது மரத்துக்கு இரண்டு பக்கமும் வேர் தடிப்பாக இல்லாத இடத்தில் ஒவ்வொரு பில்லர் நிறுத்துங்கள், நடுவில் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ப்ளிந்த் பீமை வேருக்கு மேலே அரை அடி இடைவெளி விட்டுத் தாண்டவைத்து, அடிமரத்தைச் சுற்றி நாலைந்து அங்குலமாவது விட்டுச் சுவரை முடியுங்கள். மீதி வாயை இரும்பு கிரில்லால் அடைக்கலாம். வேம்பு பருக்கும், கிரில்லைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி மாற்ற வேண்டியிருக்கும். அதனால் கிரில்லைச் சுவரில் புதைக்காமல் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.